ஒன்பதாம் வகுப்பு ஸ்பானிஷ்: விளையாட்டு நடக்கிறது, வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார்கள்

ஓஎம்ஆர்_புரொஃபெசோரா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஸ்பானிஷ் எடுக்கிறேன். ஆசிரியையாக இது இரண்டாவது வருடம்தான். அதற்கு முன் நான்கு வருடம் மெக்சிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை, ராத்திரி ஷிப்ட். தூக்கம் கெட்டு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. தெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வின் பி2 சான்றிதழ் கையில் இருந்தது, பள்ளியில் ஆள் தேடினார்கள், வந்துவிட்டேன். பில் தப்பாக வந்துவிட்டது என்று கத்தும் ஆளை ஸ்பானிஷில் சமாதானப்படுத்த எனக்குத் தெரியும். 14 வயதுப் பிள்ளையை ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் பேச வைக்கத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் 22 பேர். வாரம் நான்கு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். அதில் ஒன்று வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். அந்த நேரத்தில் அவர்கள் மனசு ஏற்கெனவே பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வு. கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். மற்ற மூன்றில் எப்படியோ கரை சேர்ந்துவிடுவார்கள். பேச்சை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நான் வெறும் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். கஹூட் என்ற ஆன்லைன் விநாடி வினா வைத்தேன், கூரை பிய்த்துக்கொண்டு போகும் சத்தம். சுவரில் வார்த்தைகளை ஒட்டி, நான் சொல்லச் சொல்ல ஈ அடிக்கும் மட்டையால் அடிக்கும் போட்டி வைத்தேன். இரண்டு மட்டை உடைந்தது, ஒரு பையனுக்கு முட்டி வீங்கியது. பாட்டைப் போட்டு, விடுபட்ட வார்த்தைகளை நிரப்பச் சொன்னேன். எல்லாமே ஜாலியாகத்தான் நடந்தது. மறுநாள் போய் "அயேர் கே இசிஸ்தே?" (நேற்று என்ன செய்தாய்?) என்று கேட்டால் 22 பேரும் மேஜையைப் பார்க்கிறார்கள்.

போன வாரம் நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. நன்றாகப் படிக்கும் பெண், எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல். எழுந்து, பீட்சா பிடிக்கும் என்று சொல்ல நினைத்து "யோ குஸ்தோ லா பீட்சா" என்றாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் வழக்கம்போல உடனே "மே குஸ்தா" என்று திருத்தினேன். உட்கார்ந்தவள்தான், அந்த வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை.

அதிகச் செலவில்லாத, சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றாத, முக்கியமாக அவர்கள் பேசினால்தான் நகரும் என்கிற மாதிரி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். பக்கத்து அறையில் கணக்கு வகுப்பு நடக்கும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்_தூசி எழுதியது:

மேடம், உங்கள் பதிவைப் படித்ததும் என் முதல் மூன்று வருடம் கண்முன் வந்து போனது. பெங்களூரில் 11 வருடமாக இதே பிழைப்பு.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஈ மட்டை விளையாட்டில் இரண்டு பேர் ஆடுகிறார்கள், 20 பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆடும் இரண்டு பேரும் கையால் ஆடுகிறார்கள். ஸ்பானிஷ் பேசுவது யார்? நீங்கள். கஹூட்டில் பேசுவது யார்? யாருமே இல்லை. எந்த விளையாட்டைப் பார்த்தாலும் நான் இப்போது ஒன்றைத்தான் எண்ணுகிறேன்: இந்த நிமிடம் வகுப்பில் எத்தனை வாய் அசைகிறது? ஐந்தாறாவது தேறவில்லை என்றால் அது பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு வைத்துக்கொள்ளலாம், பாவமில்லை. ஆனால் பாடத் திட்ட நோட்டில் 'பேச்சுப் பயிற்சி' என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று. நேற்று என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்கும்போது, அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு எதற்குக் கஷ்டப்பட்டுப் பேசுவான்? கேட்பவருக்குப் பதில் நிஜமாகவே வேண்டும் என்கிற நிலைமையை உண்டாக்குங்கள்.

என் வகுப்பில் வருடா வருடம் தவறாமல் எடுபடுவது போலீஸ் விசாரணை. ராஜா ராணி திருடன் போலீஸ் சீட்டு ஆடியிருப்பீர்களே, அதே மாதிரி சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். சீட்டு தீர்மானித்தால் 'என்னையே ஏன் மிஸ் கூப்பிடுகிறீர்கள்' என்ற பேச்சு வராது. உங்கள் 22 பேருக்கு ஆறு திருடன் சீட்டு, மீதி 16 போலீஸ். ஆறு பேரும் மூன்று ஜோடி. நேற்று இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் ஆய்வகத்தில் ஒரு மைக்ரோஸ்கோப் காணாமல் போய்விட்டது. ஒவ்வொரு ஜோடியும் அந்த மூன்று மணி நேரமும் தாங்கள் வேறு எங்கோ ஒன்றாக இருந்ததாகச் சாதிக்க வேண்டும். வராந்தாவில் நின்று ஐந்து நிமிடத்தில் கதையைக் கட்டட்டும். அதே ஐந்து நிமிடத்தில் போலீஸ்காரர்கள் ஆறு ஸ்டேஷனாகப் பிரிந்து, ஸ்டேஷனுக்கு இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து கேள்விகளை எழுதிக்கொள்வார்கள்.

அப்புறம் ஜோடியைப் பிரித்து ஆளுக்கு ஒரு ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். நான்கு நிமிட விசாரணை. பிறகு இருவரும் இடம் மாற வேண்டும், மறுபடி நான்கு நிமிடம். கடைசியில் இரண்டு ஸ்டேஷனும் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்று இடத்தில் கதை மாறியிருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். முழு வகுப்பும் ஒரே ஆளை உட்கார வைத்து விசாரிக்கும் தப்பைச் செய்யாதீர்கள். மறுபடி ஒரு வாய், 21 வேடிக்கை என்று ஆகிவிடும்.

இதில் இலக்கணம் தானாக உள்ளே வந்துவிடும். 'என்ன சாப்பிட்டாய்', 'யார் பணம் கொடுத்தார்', 'எத்தனை மணிக்குக் கிளம்பினாய்' என்பதெல்லாம் நடந்து முடிந்த காலம்: "கே கொமீஸ்தே?", "கியென் பகோ?" 'மழை பெய்துகொண்டிருந்ததா', 'சர்வர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்' என்பதெல்லாம் இம்பெர்ஃபெக்தோ, அதாவது அப்போது இருந்த நிலைமையைச் சொல்லும் இறந்த காலம். எந்த இடத்தில் எது என்று நான் பலகையில் கட்டம் போட்டு விளக்கிய வருடங்களைவிட இந்த விசாரணை வைத்த வருடங்களில் குழப்பம் குறைவு. பொய் சொல்லும்போது சட்டை நிறம் வரை யோசிக்க வேண்டியிருக்கிறது இல்லையா.

ஒரு எச்சரிக்கை. கெட்டிக்காரத் திருடன் எல்லாவற்றுக்கும் "நோ மே அகுவெர்தோ" (ஞாபகம் இல்லை) என்பான். அதை இரண்டு முறைதான் சொல்லலாம் என்று முதலிலேயே சட்டம் போட்டுவிடுங்கள்.

விசாரணை நடக்கும்போது திருத்தாதீர்கள். சுற்றி நடந்துகொண்டே காதில் விழும் தப்புகளைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கு வாக்கியத்தைப் பெயர் போடாமல் பலகையில் எழுதுங்கள், வகுப்பே திருத்தட்டும். சொன்னவருக்கு மட்டும் அது தன்னுடையது என்று தெரியும்.

அந்தப் பெண்ணின் 'யோ குஸ்தோ' பற்றி. அவள் ஆங்கிலத்தில் 'ஐ லைக்' என்று யோசித்து, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறாள். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள், ஸ்பானிஷையும் ஆங்கில வாசல் வழியாகத்தான் நுழைந்து பார்க்கிறார்கள். பின்வாசல் நம்முடையது, அது எப்போதும் திறந்துதான் இருக்கிறது. 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கும்'. அப்படியே அச்சு. இந்தியில் 'முஜே பசந்த் ஹை', கன்னடத்தில் 'நனகெ இஷ்ட', தெலுங்கில் 'நாக்கு இஷ்டம்'. வகுப்பில் எந்த வீட்டுப் பிள்ளை இருந்தாலும் அவரவர் பாட்டியிடம் பேசும் வாக்கியம்தான் இது. "மே துவேலே லா கபேசா" என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. "மே துவேலென் லாஸ் பியெர்னாஸ்" என்றால் எனக்குக் கால்கள் வலிக்கின்றன. வலிக்கிறது, வலிக்கின்றன, துவேலே, துவேலென். இதைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். (பசியில் மட்டும் ஸ்பானிஷ்காரன் நம்மை விட்டுப் பிரிந்துவிடுவான். "தெங்கோ அம்ப்ரே" என்று பசியைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்வான்.)

உச்சரிப்பும் அப்படித்தான். 'நாதா' (ஒன்றுமில்லை) என்பதை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு என் பிள்ளைகள் 'நாடா' என்று பைஜாமாவுக்குக் கட்டுவதைச் சொல்வார்கள். நாம் 'அது', 'எதை' என்று சொல்லும்போது வரும் மெத்தென்ற 'த'தான் அங்கே வர வேண்டும். கொம்பு வைத்த 'ன' எழுத்துக்கு நம்மிடம் 'ஞ' இருக்கிறது. எஸ்பாஞா, நீஞோ, மஞானா. ஆங்கிலத்துக்குத்தான் அதற்கு எழுத்து கிடையாது.

பதினொண்ணு_பி எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, பதினொன்றாம் வகுப்பு மாணவன். ஐந்து வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். எங்கள் பக்க நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

மிஸ், தயவுசெய்து கைதட்டிப் பாடச் சொல்லாதீர்கள். நிறங்களின் பெயருக்குப் பாட்டு, வார நாட்களுக்குப் பாட்டு, எல்லாம் ஆறாம் வகுப்போடு முடிந்துவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் "லூனெஸ், மார்தெஸ்" என்று பாடுவது எவ்வளவு கொடுமை என்று பெரியவர்களுக்கு மறந்துவிடுகிறது.

எனக்கு ஸ்பானிஷ் பிடிக்க ஆரம்பித்தது ஃபுட்பாலால்தான். எங்கள் சார் ஒரு நாள் மேட்ச் துண்டு ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, இரண்டிரண்டு பேராக வர்ணனை சொல்லச் சொன்னார். 90 விநாடிதான். "லா தியேனே, பாசா, திரா" (பந்து அவனிடம், பாஸ் செய்கிறான், அடிக்கிறான்) அவ்வளவுதான் எங்களிடம் சரக்கு. ஆனால் வேகமாகச் சொல்ல வேண்டும் என்பதால் தப்பைப் பற்றி யோசிக்க நேரமே இல்லை. ஃபுட்பால் பிடிக்காதவர்களுக்குச் சமையல் வீடியோ கொடுத்தார். அதுவும் நன்றாகத்தான் வந்தது.

அடுத்து பிரஸ் மீட். ஒருவன் முன்னால் ஆட்டக்காரனாக உட்காருவான், நாங்கள் நிருபர்கள். அன்றைக்கு ஒருவன் 2022 உலகக் கோப்பையில் நெதர்லாந்து மேட்சுக்குப் பிறகு மெஸ்ஸி சொன்ன "கே மிராஸ், போபோ" (என்னடா பார்க்கிறே, மடையா) என்பதை எடுத்துவிட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சார் கோபப்படுவார் என்று பார்த்தால், பலகையில் எழுதி, புத்தகத்தில் 'மீராஸ்' என்று முன்னால் அழுத்தம் வருகிறது, இவர் ஏன் 'மிராஸ்' என்று கடைசியில் அழுத்துகிறார் என்று கேட்டார். அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'து' கிடையாது, 'வோஸ்' என்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 'யோ' (நான்) என்பதை 'ஷோ' என்று சொல்வதும் அந்த ஊர்ப் பழக்கம்தான். மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ் மாதிரி. அந்தப் பாடம் யாருக்கும் மறக்கவில்லை.

அப்புறம் ஒன்று. எழுப்பி நிற்கவைத்துக் கேட்காதீர்கள் மிஸ். உட்கார்ந்தே பேசவிடுங்கள். அதிலேயே பாதி பயம் போய்விடும்.

ஓஎம்ஆர்_புரொஃபெசோரா எழுதியது:

சார், தம்பி, இருவருக்கும் நன்றி. தம்பி சொன்னதைப் படித்ததும் வார நாள் பாட்டை அடுத்த வாரத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன் (ஆமாம், வைத்திருந்தேன்). விசாரணையை இந்தப் புதன்கிழமை வைத்துப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குத்தான் இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. களைத்துப்போன பிள்ளைகளுக்குக் கொஞ்சம் லேசாக ஏதாவது வேண்டும்.

மூணு_வருஷம்_மெக்சிகோ எழுதியது:

வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. கணவர் வேலை விஷயமாக மெக்சிகோவின் குவாதலஹாராவில் மூன்று வருடம் இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து லொதெரியா ஆடுவார், என்னையும் கூப்பிட்டுக்கொள்வார். எனக்கு ஸ்பானிஷ் வந்ததே அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான்.

நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் கிளப்புகளிலும் ஆடும் தம்போலா தெரியுமல்லவா, அதேதான். எண்ணுக்குப் பதில் படம். மொத்தம் 54 சீட்டு: சேவல், குட்டிச் சாத்தான், குடை, கடற்கன்னி, ஏணி, மரணம், இறால், தேள், மண்டையோடு என்று கலவையாக இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் நான்குக்கு நான்கு, 16 படம் உள்ள அட்டை. இன்றைக்கு எல்லோர் வீட்டிலும் பார்க்கும் அந்தச் சேவல் படச் சீட்டுக்கட்டு 1887இல் கிளெமெந்தே ஜாக் என்ற பிரெஞ்சு வியாபாரி அச்சடித்து விற்க ஆரம்பித்தது. அட்டையில் அடையாளம் வைக்கக் காய்ந்த பீன்ஸ் கொட்டை.

விஷயம் சீட்டுக்கட்டில் இல்லை, சீட்டைக் கூப்பிடுபவரிடம் இருக்கிறது. அவரை கிரித்தோன் என்பார்கள், கத்துகிறவர். அவர் வெறுமனே 'சூரியன்' என்று சொல்லமாட்டார். "லா கொபீஹா தே லோஸ் போப்ரெஸ்" என்பார், ஏழைகளின் போர்வை. எல்லோரும் 'எல் சோல்!' என்று கத்திக்கொண்டு கொட்டையை வைப்பார்கள். இறால் வந்தால் "கமரோன் கே சே துவெர்மே, சே லோ யேவா லா கொரியெந்தே", தூங்கும் இறாலை ஓட்டம் அடித்துக்கொண்டு போகும். நம் விடுகதையும் பழமொழியும் சேர்ந்த மாதிரி.

ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் இதை வைத்தேன். முதல் நாள் மெக்சிகோ படங்கள். இரண்டாம் நாள், நமக்கு நாமே ஒரு கட்டு செய்வோம் என்றேன். காகம், ஆட்டோ, இளநீர், தண்ணீர் லாரி, கரண்ட் கட், மாமி என்று படம் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஸ்பானிஷில் ஒரு வரி எழுத வேண்டும். தண்ணீர் லாரிக்கு ஒரு பெண் எழுதியது: "தோதோஸ் லா எஸ்பேரான், நூன்கா யேகா." எல்லோரும் காத்திருக்கிறார்கள், வருவதே இல்லை. அதற்கு மேல் நான் என்ன சொல்லித் தர?

நிஜ விடுகதைகளும் வையுங்கள். "பிளாங்கோ போர் தெந்த்ரோ, வெர்தே போர் ஃபுவேரா; சி கியேரெஸ் கே தே லோ திகா, எஸ்பேரா." உள்ளே வெள்ளை, வெளியே பச்சை, நான் சொல்ல வேண்டுமானால், பொறு. 'எஸ்பேரா' என்றால் பொறு. அதையே பிரித்து 'எஸ் பேரா' என்று சொன்னால், அது பேரிக்காய்! இன்னொன்று "ஓரோ பரேசே, பிளாதா நோ எஸ்". பொன் போல இருக்கும், வெள்ளி இல்லை. 'பிளாதா நோ' என்பதைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், வாழைப்பழம் வந்துவிடும். பதிலாக ஒரு பையன் நம் 'ஒரு கிணற்றில் ஒரே தவளை'யை "என் உன் போசோ, உனா சோலா ரானா" என்று மாற்றினான். நாக்கு என்று கண்டுபிடிக்க மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஆனது, அந்தப் பத்து நிமிடமும் ஸ்பானிஷில்தான் ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

லண்டன்_குசினி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிப்பிக்கிறேன். உங்களுடைய வயதுப் பிள்ளையள்தான் எனக்கும்.

மேலே சார் சொன்ன 'பின்வாசல்' கதை எனக்கு நல்லாப் பிடிச்சது. எங்கட வீட்டில் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்லுவம். ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கின முதல் கிழமை 'கொசினா' என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மம்மா ஞாபகம் வந்தது. சப்பாத்து, சபாத்தோ. மேசை, மேசா. அலுமாரி, அர்மாரியோ. யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசர் 1619இல் பிடிச்சவை; கரையோரத் தமிழில் அதற்கு முதலே அவையின்ர சொற்கள் வந்திருக்கும். ஸ்பானிஷ் அந்த மொழிக்குத் தங்கச்சி முறை, அதுதான் இந்தச் சாயல். எல்லாம் பொருந்தாது. ஜன்னல் போர்த்துக்கீசரின்ர 'ஜனேலா', ஸ்பானிஷில் அது 'வெந்தானா'. பொருந்தாததைக் கண்டுபிடிக்கிறதில்தான் பெடியளுக்குக் கூடச் சந்தோஷம்.

என்ர வகுப்பில் தமிழ்ப் பிள்ளையள் இரண்டு பேர்தான். மொரோக்கோ, சோமாலியா, பிரேசில் குடும்பத்துப் பிள்ளையள் கூட. அதனால் நான் இதை வீட்டு வேலையாகக் குடுப்பன்: உங்கட வீட்டு மொழியில் ஸ்பானிஷுக்குச் சொந்தக்காரச் சொல் மூன்று பிடிச்சுக்கொண்டு வாங்கோ. அரபு கதைக்கிற வீட்டுப் பிள்ளையள் 'அசூகார்' (சீனி), 'ஒஹாலா' (அப்படி நடக்கட்டும்) என்று அள்ளிக்கொண்டு வருவினம். அப்படியே கூடத்தில் சுத்தித் திரிஞ்சு, தன்ர சொல்லை மற்றவைக்கு ஸ்பானிஷில் விளங்கப்படுத்திச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேணும். உங்கட பிள்ளையளுக்கு இன்னும் லேசு. மாங்கோ எங்கட மாங்காயிலிருந்து போனது, கதாமரான் எங்கட கட்டுமரம்.

சாருக்கு ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லுறன். விசாரணை நல்லதுதான், ஆனால் கதைக்கப் பயப்படுற பிள்ளைக்குத் திருடன் சீட்டு விழுந்தால் அது விளையாட்டில்லை, தண்டனை. நான் போலீஸ் சீட்டோடு ஒருமுறை மாற்றிக்கொள்ள விடுவன். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

சாக்பீஸ்_தூசி எழுதியது:

சீட்டு மாற்றும் யோசனையை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. இது எனக்குத் தோன்றவில்லை. என் முதல் வருடத்தில் ஒரு பையன் திருடன் சீட்டைப் பார்த்துவிட்டு மருத்துவ அறைக்குப் போனவன் பீரியட் முடியும்வரை திரும்பவே இல்லை. வயிற்றுவலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓஎம்ஆர்_புரொஃபெசோரா எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் தேர்வுத் தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது.

முதல் விசாரணை சொதப்பல். 'ஞாபகம் இல்லை' சட்டத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறு திருடர்களும் ஒற்றுமையாக "நோ மே அகுவெர்தோ" என்று சொல்லி விடுதலை ஆனார்கள். சத்தம் வேறு. ஏழாவது நிமிடம் கணக்கு மிஸ் வாசலில் வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை, நின்றார், போனார். ஸ்டாஃப் ரூமில் அன்று அவர் கண்ணில் படாமலே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் 'ரகசிய போலீஸ்' என்று பெயர் மாற்றினேன். விசாரணை கிசுகிசுப்பாக மட்டும்தான் நடக்க வேண்டும்; பக்கத்து ஸ்டேஷனுக்குக் கேட்டுவிட்டால் வழக்கு தள்ளுபடி. இது எதிர்பாராத விதமாக நன்றாக வேலை செய்தது. கிசுகிசுக்கும்போது யாருக்கும் கூச்சமே இல்லை. சீட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தேன், ஒரே ஒரு பையன் மாற்றினான்.

அந்தப் பீட்சா பெண்ணுக்குப் போலீஸ் சீட்டு. முதல் திருடனிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகளையே கேட்டாள். ஜோடியில் இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்ததும் "தே கே கோலோர் எரா லா கமீசா தெல் கமரேரோ?" என்றாள். சர்வரின் சட்டை என்ன நிறம். முதல் ஆள் நீலம் என்று சொல்லியிருந்தான், இவன் "ரோஹோ" (சிவப்பு) என்றான். அவள் முகத்தை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டு, "ஈ கியென் பகோ?" என்று அடுத்ததற்குப் போனாள். பிசுபிசுத்துப்போனான் பையன். நடுவில் இரண்டு தப்பு செய்தாள், சீட்டில் குறித்தேன், பலகையில் எழுதும்போது அந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றவர்களுடையதை எழுதினேன். பாரபட்சம்தான், தெரியும் சார்.

'எனக்குப் பிடிக்கும்' பாடத்தை மூன்று நெடுவரிசையாகப் பலகையில் எழுதினேன்: தமிழ், இந்தி, ஸ்பானிஷ். மலையாளப் பிள்ளைகள் எழுந்து வந்து நான்காவதாக 'எனிக்கு இஷ்டமாணு' சேர்த்தார்கள். ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கடைசி வரிசைப் பையன் ஒருவன், "மிஸ், அப்போ 'எனக்குக் கணக்குன்னா பயம்' எப்படிச் சொல்றது?" என்றான். "மே தான் மியெதோ லாஸ் மாதெமாதிகாஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பயத்தைத் தருகின்றன கணக்குகள். 22 பேரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள், நான் சொல்லாமலே. இப்போது பக்கத்து வகுப்புக்குப் போகும் வழியில் அதைத்தான் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கணக்கு மிஸ் நேற்று என்னைக் கூப்பிட்டு அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பக்கத்து ஊர் பெயர் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

ஃபுட்பால் வர்ணனை இன்னும் செய்யவில்லை, ப்ரொஜெக்டர் சரியில்லை. தம்பி, உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னது சரி.

நாளை வெள்ளிக்கிழமை, லொதெரியா. படம் வரையும் வேலை நேற்றே முடிந்தது: 54க்குப் பதில் 40தான் தேறியது, அதில் மூன்று ஆட்டோ. கொட்டைக்கு 22 பேருக்கு 16 வீதம் 352 வேண்டும். பீன்ஸ் கொட்டைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை என்று தீர்மானித்து அம்மாவுக்கு போன் செய்தேன். "பல்லாங்குழிக்கா?" என்றார். இல்லம்மா, மெக்சிகோவுக்கு என்றேன். இரண்டு நாளாகப் புளியை ஆய்ந்து கொட்டையை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்திருக்கிறார். இன்று மாலை எண்ணிப் பார்த்தேன், 310. மீதி 42க்கு மொச்சைதான்.